எஸ்லினின் டிப்பும் என் தாளிப்பும்

பீட்ரூட்டைப் பொரியல் வைப்பார்கள், கூட்டு வைப்பார்கள், பொழுது போகாதவர்கள் அல்வாகூடக் கிண்டுவார்கள். அதைப் பச்சையாகத் துருவி, தயிரில் அரைத்து, 'டிப்' என்று பெயர் வைத்து, கேரட் குச்சியால் தொட்டுத் தின்ன வேண்டுமாம். அதை விற்பதற்கு என் வீட்டு முன்ரூமும் வேண்டுமாம். கேட்டால் எனக்குக் கோபம் வருமா வராதா?

கேட்டது என் மருமகள் எஸ்லின். வாசுதேவநல்லூர்ப் பெண். பெங்களூரில் ஐந்து வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். என் மகன் ஜெபசுந்தருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை என்பதால், கல்யாணம் ஆனதும் அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். வந்து இரண்டு வருடம் ஆகிறது. நல்ல பெண்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாள். அடுப்படிக்குள் போனால் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. அவள் வைப்பதில் பாதிக்குப் பெயர் என் வாயில் நுழையாது. மீதிப் பாதியை நான் வாயில் வைத்ததே கிடையாது.

முன்ரூம் என்பது சும்மா கிடக்கும் ரூம் அல்ல. முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். பெயர் ஜெயபாய், ஊரில் டீச்சர் என்றால் போதும். ஓய்வு பெற்ற மறுவாரமே முன்ரூமில் கரும்பலகை மாட்டி டியூஷன் தொடங்கிவிட்டேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்துகூடப் பிள்ளைகளை பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த ரூமில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன். அது இல்லையென்றால் பேப்பர் படித்துக்கொண்டு, சீரியல் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"ரோட்டைப் பாத்த ரூம் அது ஒண்ணுதான் அத்தை. ஒரு கவுண்டர் போட்டா போதும். டிப், சப்பாத்தி ரோல், சாலட். காலேஜ் பிள்ளைய வாங்கும், உடம்பு குறைக்கணும்னு நடக்கவங்க வாங்குவாங்க" என்றாள் எஸ்லின்.

"இந்த ஊர்க்காரனுக்கு பிரியாணி இருக்கு, புரோட்டா இருக்கு. உன் பீட்ரூட்டை எவன்ட்டி திம்பான்?"

"தின்னா?"

இந்த இடத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் சர்ச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வருடா வருடம் அடுப்பில்லா சமையல் போட்டி நடக்கும். நெருப்பே இல்லாமல் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கு நடுவர் நான்தான். "போட்டியில அதை வையி. முதல் மூணு இடத்துல ஒண்ணு வாங்கு. ரூமை ஒழிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு போயிற்றா? என் வீட்டுக்காரர் தேவசுந்தரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் நேரத்துக்குள் இதைச் சபை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அவர் வாயில் ரகசியம் தங்கினால் அது அதிசயம்.

மருமகளுக்கு மாமியார் மார்க் போடுவது முறையல்ல. அதனால் எஸ்லின் மேஜைக்கு மட்டும் இன்னொரு நடுவர் மார்க் போடுவது என்று ஏற்பாடு செய்தேன். சிவகிரியில் மனையியல் டீச்சராக இருக்கும் பிரேமலதா. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள்தான். ஒரு தடவை அவளுக்கு முப்பத்துநாலு மார்க் போட்டு, ஒரு மார்க் கேட்டு அழுதும் நான் தரவில்லை. நியாயம் என்றால் நியாயம்தான்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலமே எஸ்லின் தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். சனிக்கிழமை காலையில் பீட்ரூட்டைத் தோல் சீவி, மெல்லிசாகத் துருவி, உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிசறி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது விட்ட தண்ணியைப் பிழிந்து தள்ளினாள். பிறகு ஒரு கைப்பிடி பொரிகடலை, இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் மிளகு எல்லாம் சேர்த்து மிக்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைத்தாள். கடைசியில் கட்டித் தயிரைப் போட்டு ஒரே ஒரு சுற்று. அவ்வளவுதான் வேலை. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் மட்டும் புதுப் பாவாடையை முதல் தடவை அலசின தண்ணி மாதிரி இருந்தது.

ஒரு கிண்ணத்தில் வழித்து, மூடி வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். நான் காபி கலக்க அடுப்படிக்குப் போனேன். சும்மா மூடியைத் திறந்து பார்த்தேன். சும்மா ஒரு கரண்டி வாயில் போட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தது. இனிப்பு, புளிப்பு, பூண்டுக் காரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இரண்டாவது கரண்டி சந்தேகம் தீர. மூன்றாவது கரண்டிக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. எங்கள் வீட்டில் தயிர் சேர்ந்த எந்தப் பச்சடியும் கடுகு வெடித்து மேலே விழாத வரைக்கும் சாப்பாடே கிடையாது, வெறும் சாமான். பாவம், சின்னப் பிள்ளை, மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தாளிப்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு, உளுந்தம்பருப்பு, கிள்ளின மிளகாய் வத்தல், பெருங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. சொய்ங் என்று கொட்டி, ஒரு கிண்டு கிண்டி, மூடி வைத்தேன். இன்னொரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். இப்போதுதான் அது முழுமை! திருப்தியாகச் சேலை மாற்றிக்கொண்டு, மேஜைகளைச் சரிபார்க்க முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டேன். உங்களுக்கெல்லாம் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை.

சபை மண்டபத்தில் பதினாலு மேஜை. பத்து மணிக்கு மைக்கைப் பிடித்தேன். போட்டி விதிகளை எழுதியதும் நான்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா சூடு ஆறாத கேசரியைக் கொண்டுவந்து "வெயில்ல வெந்தது டீச்சர்" என்று சாதித்ததிலிருந்து, எழுதி வைத்து வாசிப்பதே வழக்கம்.

"விதி ஒன்று. வீட்டிலோ இங்கேயோ, எந்தக் கட்டத்திலும் அடுப்பைப் பற்றவைத்திருக்கக் கூடாது. மீறினால்…"

காலையில் நான் காயவைத்த நல்லெண்ணெய் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொண்டையைக் கனைத்தேன். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் எஸ்லினைப் பார்த்தேன். அவள் அப்போதுதான் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மறுபடியும் மூடினாள்.

"மீறினால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்" என்று எப்படியோ வாசித்து முடித்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், முன்ரூம் பிழைத்தது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிரேமலதா எஸ்லின் மேஜைக்குப் போனாள். கேரட் குச்சியால் தொட்டு வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். அடுத்து வெள்ளரிக்காயால் தொட்டாள். அப்புறம் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தாள்.

"எஸ்லின், கடுகு வெடிச்சிருக்கே. கறிவேப்பிலை மொறுமொறுன்னு இருக்கு. இது தாளிச்சதுல்லா?"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை நீட்டி என்னைக் காட்டினால் போதும். சொல்லுவாள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"ஆமாங்க. என் தப்புதான். ரூல்ஸை சரியாப் பாக்கல" என்றாள் எஸ்லின்.

பின்வரிசையில் யாரோ "பெங்களூர்ல அடுப்பில்லான்னா என்னன்னு தெரியாது போல" என்று கிசுகிசுக்க, நாலு பேர் சிரித்தார்கள். எஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு கேரட் குச்சிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"சிரிப்பை நிறுத்துங்க! அவ தாளிக்கல. நான்தான் தாளிச்சேன்."

சங்கத்துச் செயலாளர் அம்மா இனிக்க இனிக்கக் கேட்டார். "ஏன் டீச்சர், ரூம் போயிரும்னு பயந்துட்டீங்களோ?"

முப்பத்துநாலு வருடத்தில் நான் எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கெடுப்பதற்காகச் செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த ரூமை விடமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"மறந்துட்டேன்" என்றேன். "எழுதுனவளே மறந்துட்டேன். நம்புனா நம்புங்க."

அப்போது எஸ்லின் வாயைத் திறந்தாள்.

"கெடுக்கணும்னா உப்பை அள்ளிப் போட்டிருப்பாங்கல்ல? மெனக்கெட்டு எண்ணெய் காயவச்சு, கருகாம உளுந்தம்பருப்பைச் செவக்க வறுத்து, யாராவது ஒரு சாமானைக் கெடுப்பாங்களா? எங்க அத்தைக்குப் பிடிக்கலன்னா தொடக்கூட மாட்டாங்க. ரெண்டு வருசமா நான் பாக்கேன்லா."

குபீர் என்று மண்டபமே சிரித்தது. செயலாளர் அம்மாவும் சிரித்துவிட்டார். தாளித்தது உண்மை என்றால் பிடித்ததும் உண்மைதானே! அங்கே இருந்த அத்தனை பேரும் தாளிக்கிறவர்கள்தான். யாருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

எஸ்லின் என் பக்கம் வந்தாள். அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்று இருந்தது.

"நெசமாவே ருசி பாத்தீங்களா அத்தை?"

"நாலு கரண்டி" என்றேன். மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. "மூணு தாளிக்கிறதுக்கு முன்னால, ஒண்ணு பின்னால. நல்லா இருந்துச்சு. ரெண்டு வாட்டியும் நல்லா இருந்துச்சு. போதுமா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்குப் போய் அழுவாளா ஒருத்தி? மாமியார் வாயிலிருந்து இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தை வராமல் அந்தப் பிள்ளை தினமும் சமைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு மடச்சி. வேறென்ன சொல்ல?

இதற்குள் கிண்ணத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கேரட் தீர்ந்து, வெள்ளரி தீர்ந்து, பக்கத்து மேஜை பிஸ்கட்டை எடுத்துத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். "தாளிச்சுத் தருவீங்களா, தாளிக்காமலும் தருவீங்களா?" என்று ஒருத்தி விலைகூடக் கேட்டுவிட்டாள். கிண்ணத்தின் அடியை வழித்தது சாட்சாத் அந்தச் செயலாளர் அம்மாதான்.

பிரேமலதா காகிதத்தோடு வந்தாள். வாயோரம் சிவப்பாக இருந்தது. "டீச்சர், ருசியில இதுதான் முதல்ல நிக்கும். ஆனா விதி விதிதான். யார் தாளிச்சாலும் தாளிச்சதுதான். நீக்கிட்டேன்" என்றாள். அந்த ஒரு மார்க்கை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள் கள்ளி. நான் கற்றுக்கொடுத்த நியாயம் அவளிடம் பத்திரமாக இருப்பதைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. முதல் பரிசு அவல் லட்டுக்குப் போயிற்று.

வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். காலிக் கிண்ணம் எஸ்லின் இடுப்பில் இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. நான் முன்ரூமை நினைத்துக்கொண்டே வந்தேன். கரும்பலகை, பெஞ்சு, முப்பது வருடத்துப் புத்தகங்கள். மனசு கனக்கத்தான் செய்தது. வாசல்படி வந்ததும் சாவிக்கொத்தில் இருந்து முன்ரூம் சாவியைக் கழற்றினேன்.

"இந்தா. திங்கக்கிழமையில இருந்து டியூஷன் ஹால்ல. மாமாட்ட டிவி வைக்கக்கூடாதுன்னு சொல்லிருதேன்."

அவள் கையை நீட்டவில்லை. "வேண்டாம் அத்தை. பேச்சு பேச்சுதான். முதல் மூணுல ஒண்ணு வாங்குனாத்தான் ரூம். என்னைத்தான் நீக்கிட்டாங்களே."

"ஏட்டி" என்றேன், சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கியபடி, "இந்த வீட்டுல மார்க் போடுதது நீயா, நானா?"