அறுந்து தெரிந்த பச்சைக் கோடு

ஈமன் வேலைக்குச் சேர்ந்த மறு வாரமே பச்சைக் கோடு அறுந்து தெரிய ஆரம்பித்தது. ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் லியோனி பாஸ்கோவுக்கு அதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

அடிலெய்டில் அந்தச் சின்ன ஆய்வகத்தின் முக்கியமான பிழைப்பே அந்தக் கோடுதான். தோலின் மேலடுக்குக்கு அடியில் மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் உட்காதிலும் இருப்பது அதே சரக்குதான். அதிலுள்ள கொலாஜன் புரதத்தில் ஓர் இழை சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. அவர்களுக்குப் போகப் போகக் காது மந்தமாகும், சிறுநீரகம் கெடும். அந்த இழையை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் ஆன்டிபாடி ஒரு குட்டிப் புட்டியில் வரும். தோல் சீவலின் மேல் அதை விட்டு இருட்டறை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், இழை உள்ளவருக்கு அறுபடாத பச்சைக் கோடு தெரியும். இல்லாதவருக்கு வெறும் இருட்டு.

புட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்குத்தான் நோயாளியின் தோலுக்குப் பக்கத்திலேயே நோயில்லாத ஒருவரின் தோலையும் வைப்பார்கள். கன்ட்ரோல் என்று பெயர். அது தீர்ந்தால் ஊழியர் யாராவது கொடுப்பது அங்கே வழக்கம். அந்த ஊர் வெயிலில், புற்றுநோய்ப் பயத்தில் மச்சம் வெட்டாத முதுகு ஏது? வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் நல்ல தோலும் சேர்ந்து வரும். போன மாதம் லியோனியின் முறை. மிச்சத் தோலை உறைபெட்டிக்குக் கொடுத்தாள்.

"இனிமே இந்த லேபே உன் முதுகுலதான் ஓடப்போவுது லியோனி" என்று தலைமை மருத்துவர் ஹெதர் கிண்டல் செய்தார். லியோனிக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட.

இப்போது போர்ட் லிங்கனிலிருந்து ஓர் இளைஞனின் தோல் வந்திருந்தது. சூரை மீன் படகில் வேலை பார்ப்பவன். அவன் சீவலில் பச்சையே இல்லை. அவனுக்கு நோயா, புட்டி செத்துவிட்டதா? கன்ட்ரோலிலும் கோடு விட்டு விட்டுத் தெரிந்ததால் ஹெதர் பதிலை அனுப்ப மறுத்துவிட்டார். எல்லோருக்கும் இருக்கும் இன்னோர் இழையைக் காட்டும் சிவப்புக் கோடு இரண்டிலும் முழுசாக இருந்தது. ஆக, தோல்களில் பழுதில்லை. பழுது பச்சைப் புட்டியில். அந்தப் புட்டியைக் கையாள்பவன் ஈமன்.

நெருப்பில்லாமல் புகையாது என்று லியோனி முடிவு கட்டினாள். பெர்த்தில் பார்த்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். காரணம் கேட்டால் "ஒத்து வரல" என்பதோடு சரி. ஐஸில் இருக்கவேண்டிய புட்டி ஒருநாள் மேசையில் கிடந்தது.

"இது எவ்வளவு நேரமா வெளிய கெடக்கு?"

"இப்பதான் எடுத்தேன் லியோனி."

"நீ இப்பதான் எடுத்த. ஆனா ஐஸெல்லாம் தண்ணியாக் கெடக்கு."

"அது காலைல போட்ட ஐஸு. மாத்தப் போனேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"நான் எப்பவுமே தப்பான நேரத்துலதான் வருவேன்."

அவன் ஐஸ் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான். சிரிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. ஒருநாள் முழங்கையின் உட்புறத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தான். என்ன என்றாள். கீறல் என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டான். இருட்டறைக்குள் அவள் நுழைந்தால் கண்ணாடித் துண்டுகள் இருந்த தட்டைச் சட்டென்று மூடினான். மடியில் கனமில்லாதவன் எதற்குத் தட்டை மூடவேண்டும்?

வீட்டிலும் அவளுக்கு நிம்மதியில்லை. மகன் டேனுக்குப் பதினேழு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டிவியோ தெருவுக்கே கேட்கும்.

"டேய், சத்தத்தக் கொற. பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் மேட்ச் பாக்குது."

"என்ன?"

"அதான பாத்தேன். வேணும்னே பண்றான்."

ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்தின் பயிற்சியாளர் கூட, மைதானத்தில் கத்தினால் இவன் கண்டுகொள்வதில்லை என்று குறைப்பட்டிருந்தார். திமிர், அப்பன் புத்தி என்று லியோனி அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். செவிடன் காதில் ஊதின சங்குதான் என்று அலுத்துக்கொண்டு ஆட்டிறைச்சியை அவன் தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹெதர் அவளை அழைத்தார்.

"ஈமனோட சோதனைக் காலம் இன்னைக்கு முடியுது. வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா? நீ சொல்றதுதான்."

"சாயங்காலம் சொல்றேன். கையோட ஆதாரமும் கொண்டாரேன்."

"அந்த லிங்கன் பையனோட அம்மா தெனமும் ஃபோன் பண்றாங்க லியோனி. சீக்கிரம்."

லியோனி நேரே இருட்டறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. ஈமன் மைக்ரோஸ்கோப்பின் முன் இருந்தான். வழக்கம்போலக் கை தட்டை நோக்கிப் போனது.

"மூடாத. கைய எடு."

அவன் கையை எடுத்தான்.

"மறைக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? புட்டில தண்ணி கலந்தியா? கெட்டுப்போனத மறைக்கப் பாக்கிறியா? இப்பவே சொல்லிடு. சாயங்காலம் ஹெதர் கேக்கப் போறாங்க."

"புட்டி நல்லாத்தான் இருக்கு லியோனி."

"நல்லா இருக்கிற புட்டியா கன்ட்ரோல்ல கோட்டை அறுக்குது?"

அவன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "உக்காந்து பாருங்க. எல்லாமே அதே புட்டி, ஒரே நாள்ல போட்டது."

முதல் துண்டில் பச்சைக் கோடு அறுபடாமல் ஓடியது. "இது பழைய கன்ட்ரோல். பெட்டியோட அடியில ஒரு துணுக்கு மிச்சம் இருந்துது" என்றான். இரண்டாவதிலும் கோடு முழுசு. "இது யாரு?" என்று கேட்டாள். அவன் சட்டைக் கையை ஏற்றிப் பிளாஸ்திரியைக் காட்டினான். "மேல் மாடித் தோல் பிரிவுல நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான். ஒரு துளி வெட்டித் தரச் சொன்னேன்."

மூன்றாவது அவளுடையது. கொஞ்சம் பச்சை, பிறகு இருட்டு, மறுபடி பச்சை, மறுபடி இருட்டு. பக்கத்திலேயே சிவப்புக் கோடு ஓர் இடத்திலும் விடாமல் ஓடியது.

வேறு எந்தப் பெண்ணின் தோலில் இதைப் பார்த்திருந்தாலும் லியோனி ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறாள். பாதிக் கோடு பாதி இருட்டு என்றால், அந்தப் பெண் நோயைச் சுமக்கிறாள். அவளை லேசாகத் தொட்டுவிட்டு அது மகனைக் கடுமையாகப் பிடிக்கலாம். ஆனால் இது கன்ட்ரோல். ஆய்வகத்தில் பழகியவர்கள் கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டாலும் கன்ட்ரோலைச் சந்தேகப்பட மாட்டார்கள். இத்தனை நாளும் தன் தோலைத் தானே பார்த்துவிட்டு அடுத்தவன் கையைக் குற்றம் சொல்லியிருக்கிறாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரம். ஒருவேளை நான்தான் தப்பாப் போட்டேனோன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீட்ல யாருக்காவது சிறுநீரகம்..."

"மாமா ஒருத்தர். அம்மாவோட தம்பி. சின்ன வயசுலயே போயிட்டாரு. குடிச்சுக் குடிச்சே கெடுத்துக்கிட்டான்னு எல்லாரும் பேசினாங்க. நானும்தான் பேசினேன்."

அவளுக்கு அவமானமாக இருந்தது. அதற்கும் மேலே பயம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஈமன், நான் உன்னை என்னென்னமோ நெனச்சிட்டேன்."

"தெரியும். மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருந்தீங்களே."

ஹெதரிடம் இரண்டு வாக்கியம்தான் சொன்னாள். புட்டி நன்றாக இருக்கிறது, பழைய கன்ட்ரோலில் கோடு முழுசு, போர்ட் லிங்கனுக்குப் பதிலை அனுப்பலாம். ஈமனை வைத்துக்கொள்ளுங்கள். தன் தோலைப் பற்றிய மூன்றாவது வாக்கியம் வாயில் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக ஃபுட்டி மைதானத்துக்குப் போனாள்.

டேன் வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் போய் நின்றாள்.

"டேன்" என்றாள், வீட்டில் கூப்பிடும் குரலில்.

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். அடுத்த காலணியை எடுத்தான்.

இன்னோர் அடி நெருங்கி, இன்னும் கொஞ்சம் உரக்க, "டேன், கண்ணு" என்றாள். காற்றுகூட இல்லை. எதிரே நின்ற பையன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு டேனின் தோளைத் தொட்டான். டேன் திரும்பிப் பார்த்தான். அம்மா இந்த நேரத்தில் இங்கே வந்து நின்றால் ஏதோ திட்டத்தான் வந்திருப்பாள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"என்னம்மா, நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடா" என்றாள் லியோனி. பிறகு, அவன் தன் உதட்டைத்தான் பார்க்கிறான் என்பதைக் கவனித்து, அதையே மெதுவாகத் திரும்பவும் சொன்னாள்.