இடக்கைக் கோபம்

தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தெடுத்தார் அச்சுக்காரர். லினோலியப் பலகையில் இரண்டு மாதமாகச் செதுக்கிய கை, கன்னங்கறுப்பாக, நரம்பு நரம்பாக வந்திருந்தது. விரல்களை மடக்கி, நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல் மேலே இழுக்கும் கை. சைகை மொழியில் கோபம். எல்லாம் சரி, ஆனால் அது இடக்கை.

அச்சில் எதுவும் திரும்பித்தான் விழும். பலகையில் மை தடவி, தாளைக் கவிழ்த்து அழுத்துகிறோம் அல்லவா, அதை நிமிர்த்தும்போது இடம் வலமாகிவிடும். எழுத்து என்றால் கண்ணாடியில் பார்த்துத் திருப்பித்தான் செதுக்குவார். கைதானே, எப்படி விழுந்தால் என்ன என்று இருந்துவிட்டார். அன்று மாலைக் கண்காட்சிக்கு ஏற்கெனவே போய்விட்ட, இதே வரிசைப் படங்களில் மற்ற ஐந்து உணர்ச்சிகளும் இரண்டு கையாலும் ஒன்றுபோலச் செய்பவை. அதனால் குட்டு வெளிப்படவில்லை.

வேறு வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. அவர் மனைவிக்கும் மனைவியின் அக்காவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சு முழுக்கக் கையில்தான். மனைவிக்கு வலக்கை, அக்காவுக்கு இடக்கை. "நீ பேசுறது ஈ ஓட்டுற மாதிரி இருக்கு" என்று ஒரு கல்யாணத்தில் நாலு பேர் பார்க்க அக்கா சொல்லிவைத்தாள். ஆறு மாதமாக இருவரும் முகம் கொடுப்பதில்லை.

மனைவி வந்து தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"யார் கை இது?"

"உன் கைதான். நீதானே மாதிரியா உக்காந்த," என்றார், அவரும் கையாலேயே.

"இது அவ கை. ரெண்டு மாசம் தோள் கடுக்க நான் உக்காருவேன், ஊரே வந்து அவ கோபத்தைப் பாத்துட்டுப் போகுமா?"

"அச்சுல திரும்பிடுச்சும்மா."

"அப்ப திருப்புங்க. இல்லன்னா நான் வரல."

படத்தின் பக்கத்தில் நின்று அந்தச் சைகையைச் செய்து காட்டப்போகிறவளே அவள்தான். அவள் இல்லாவிட்டால் சுவரில் தொங்குவது வெறும் கை. புதுப் பலகை செதுக்க நேரமில்லை. மூன்று மணி நேரமே இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. மை இன்னும் ஈரம். ஈர அச்சின்மேல் வெற்றுத் தாளை வைத்து இன்னொரு முறை அழுத்தினால், திரும்பியது மறுபடி திரும்பி நேராகிவிடும். ஒரே குறை, பாதி மைதான் ஏறும். அழுத்தி உரித்தார். வலக்கை வந்திருந்தது, சாம்பல் நிறத்தில்.

"என் கோபம் இவ்வளவுதானா? அவளுது கரி மாதிரி இருக்கு."

பலகையில் மையை அப்பி, இன்னொரு அச்செடுத்து, அதிலிருந்து திருப்பியெடுத்தார். இந்த முறை மனைவி தலையாட்டினாள். மை அவ்வளவு தடிமன், காய இரண்டு நாளாவது ஆகும். முதலில் எடுத்த இடக்கைத் தாளையும் அவளே கையில் எடுத்துக்கொண்டாள். "பக்கத்துல மாட்டுங்க. எது கோபம்னு ஜனம் பாக்கட்டும்."

அரங்கில், யார் அழைத்தார்களோ, அக்கா முன்னமே நின்றிருந்தாள். மனைவி இடக்கைத் தாளைச் சுவரில் குத்திவிட்டுத் திரும்புவதற்குள் அக்காவின் கை எழுந்துவிட்டது.

"என் கையை எப்ப வரைஞ்சீங்க?"

"உன் கையா? அது என்னுது. திரும்பி விழுந்திருக்கு."

"உன் கை திரும்பினாத்தான் பாக்க நல்லா இருக்கு போல."

அவ்வளவுதான். ஆறு மாதச் சரக்கு நான்கு கைகளில் அவிழ்ந்தது. கல்யாணம், ஈ, அதற்கு முந்தைய பாக்கிகள் எல்லாம் வந்தன. ஜனம் சுவரை விட்டுவிட்டு இவர்களைச் சுற்றி நின்றது. அச்சுக்காரர் ஈரத் தாளின் இரு ஓரங்களையும் விரல்நுனியில் பிடித்தபடி நின்றார். அதை மாட்ட வேண்டிய ஆணி அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க," என்றாள் அக்கா. "அது யார் கை?"

இரண்டு கையிலும் தாள். கை ஒழியாமல் பேச்சு ஏது? ஆனால் அந்தக் குடும்பத்தில் முகமும் பேசிவிடும். அவர் தாளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, கண்வரை மறைத்துக்கொண்டார்.