மூன்று சுவர்ச் சிறை

நகரத்துப் பழைய சிறைச்சாலை குற்றமில்லாதவர்களை ஒரு ராத்திரிக்கு மேல் வைத்துக்கொண்டதே கிடையாது. விடிந்தால் அந்த அறையின் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். உள்ளே இருந்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இரும்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள், இரட்டைச் சுவர் எழுப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. நாளடைவில் நீதிபதிகள் வழக்கு விசாரிப்பதையே விட்டுவிட்டு, "உள்ள போடு, காலைல பாப்போம்" என்று சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். ஓட்டைகளை அடைக்கவென்றே மாதச் சம்பளத்துக்கு ஒரு கொத்தனாரம்மா இருந்தாள். அவள் பூசினால் சுவர் கண்ணாடிதான்.

அவளுடைய தம்பி, மேஸ்திரியின் மண்டையைச் செங்கல்லால் உடைத்தது நான்தான் என்று தானே போய்ச் சொல்லி உள்ளே உட்கார்ந்தான். உடைத்தது அவள். சித்தாள் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தவனை வேறென்ன செய்வதாம்? தம்பியைத்தான் சுவர் எப்படியும் விட்டுவிடுமே என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சிறைக்குப் பின்னால் ஊரே கூடிவிட்டது. தோளில் பிள்ளைகள், கையில் டீ டம்ளர்கள், ஒரே கூச்சல். சுவர் அப்படியே நின்றது. "அடப்பாவி, அவனேதானா!" என்றார்கள். அவள் ஓடிப்போய்த் தடவிப் பார்த்தாள். ஈரம். வரிசை கோணல், இடுக்கெல்லாம் விரல் தடம். விழுந்த ஓட்டையைக் குடிதண்ணீரில் மண் குழைத்து உள்ளேயிருந்தே அடைத்திருக்கிறான், பாவி!

"வெளிய வாடா கழுத!"

"மாட்டேன். நான் வந்தா உன்னத் தேடுவாங்க. உன் பிள்ளைங்கள யாரு பாத்துப்பா?"

"தாய்மாமன்னு நீ எதுக்குடா இருக்க?"

ஒரே உதையில் அந்த அடைப்பு சரிந்தது. அவன் காதைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். "உடைச்சது நான்தான்யா, என்னப் போடுங்க!" என்று கத்திவிட்டு, ஓட்டையைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டு அதே அறையில் உட்கார்ந்தாள். வெளியே தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த நாள் விடியும்போது ஓட்டை விழவில்லை. சிறையின் பின்சுவர் மொத்தமும், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, தூசிகூடக் கிளப்பாமல் தரையில் படுத்துக்கொண்டது. கொத்தனாரம்மா அதன்மேல் நடந்து வந்தாள். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஊர் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அந்த ஜோரிலேயே மேஸ்திரியை மண்டைக் கட்டோடு தூக்கி உள்ளே போட்டார்கள்.

சுவரைத் திரும்பக் கட்டவேயில்லை. இன்றைக்கும் அந்தச் சிறைக்கு மூன்று சுவர்தான். மேஸ்திரி உள்ளேதான் இருக்கிறார், திறந்த பக்கம் அவரை மட்டும் வெளியே விடுவதில்லை. காற்று நன்றாக வருகிறதாம்.