நாற்பத்து நாலரை டிகிரி

சோதனைக் குழாய்களுக்குள் தலைகீழாக நிற்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் குமிழி கட்டியிருந்தது. ஐந்திலும். கவிப்ரியா சூட்டுப் பெட்டியின் கதவை மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தாள்.

ஆம்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாகத் தண்ணீர் சோதிக்கிறவள் அவள். ஆனால் இது மாதனூர்ப் பக்கம் அவள் குடியிருக்கும் தெருவின் கைப்பம்புத் தண்ணீர். ஒன்றரை மாதத்தில் அங்கே ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. எதிர்வீட்டுப் பூங்குழலியின் ஒரு வயதுக் குழந்தைக்கு ரத்தமாகவே போய், வேலூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கையில் கிடந்து, இன்று மத்தியானம்தான் வீடு திரும்புகிறது.

தெரு பாக்கெட் பாலைத் திட்டியது, ஷூ கம்பெனி கேன்டீனைத் திட்டியது. தண்ணீரை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. பாட்டிலில் அவள் தண்ணீர் பிடித்தபோது பக்கத்து வீட்டுக் கனகராஜ் சிரித்தார்.

"இதையா டெஸ்ட் பண்ணப் போற? நாக்குல வச்சுப் பாரும்மா, எளநி மாதிரி கீது. இதுக்குக் கம்பெனில சம்பளம் வேற!"

அவரைக் குறை சொல்ல முடியாது. தோல் பதனிடும் தோல்ஷாப்புகளின் கழிவு நிலத்தில் இறங்கி, பல வருடமாக உப்புத் தண்ணீரோடு வாழ்ந்த தெரு அது. கெட்ட தண்ணீரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று சோதனைகள் உண்டு. பருப்பு வேக வேண்டும், சோப்பு நுரைக்க வேண்டும், டீ திரியக் கூடாது. அடுத்தடுத்து நல்ல மழை பெய்து நிலத்தடி நீர் ஏறியதும் பம்புத் தண்ணீர் மூன்றிலும் தேறியது. கேன் தண்ணீர் வாங்குவதைத் தெருவே நிறுத்திவிட்டது. ஆனால் அந்த மூன்றும் உப்பைத்தான் பிடிக்கும். கிருமிக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை.

அதைப் பிடிக்க வேறு வழி. தண்ணீரைச் சத்துள்ள கரைசலில் விட்டு இரண்டு நாள் வளர்க்க வேண்டும். வளர்ந்ததில் ஒரு துளியை இன்னொரு குழாய்க்கு மாற்றி, நாற்பத்து நாலரை டிகிரியில் வைக்க வேண்டும். கடும் காய்ச்சலையும் தாண்டிய சூடு அது. மண்ணில் சும்மா கிடக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் சுருண்டுவிடும். மனிதர், மாடு, கோழியின் குடலில் வாழ்ந்து பழகியவை தாங்கும். சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். வாயு மேலே ஏறிக் குமிழியாக மாட்டிக்கொள்ளும். அந்தக் கிருமி ஒருவேளை யாருக்கும் கெடுதல் செய்யாததாகக்கூட இருக்கலாம். ஆனால் அது சாட்சி. இந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது, என்னோடு வேறு யார் யாரோ வந்திருப்பார்கள் என்று சொல்லும் சாட்சி.

எங்கிருந்து வந்தது என்பதற்கு அவளுக்கு இன்னொரு சோதனை தேவைப்படவில்லை. பம்பிலிருந்து நாற்பதடி தள்ளி, மேட்டில், அவள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய கிணறு. உப்பாகி, பிறகு வற்றியும் போனது. நான்கு வருடத்துக்கு முன் கழிப்பறை கட்டியபோது குழி தோண்டினால் பாறை இடித்தது. கெட்டுப்போன கிணறுதானே என்று அவள் கணவன் நாகேந்திரன் குழாயை அதில் இறக்கிவிட்டான். அப்போது அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். மழையில் பம்புத் தண்ணீரை இனிக்க வைத்த அதே ஊற்று அந்தக் கிணற்றின் அடிக்கும் ஏறியிருக்கிறது.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து நாகேந்திரனிடம் சொன்னாள். அவன் எழுந்து வாசல் கதவைச் சாத்தினான்.

"நம்ம கெணறுன்னு வாய வுட்றாத. தோல்ஷாப்பு மேல போடு. எவ்ளோவோ கெடுத்தவன், இதையும் சேத்துக்கட்டும். ஜனங்க குடிக்கிறத நிறுத்துனா செரி. நான் ஞாயித்துக்கெழம பைப்ப மாத்திட்றேன்."

"ரிப்போர்ட்டுல பொய் எழுதச் சொல்றீங்களா?"

"தெருவுல தல காட்ட வேணாமா கவி?"

அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். பூங்குழலி அடுப்படியில் இருந்தாள். குழந்தை துணி மாதிரி அவள் தோளில் கிடந்தது. "பாப்பா எப்டி இருக்கு?" என்று கேட்டாள் கவிப்ரியா. தண்ணீர் விஷயத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள்.

காலையில் பூங்குழலி குடத்தோடு பம்புக்கு வந்ததும் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இந்தத் தண்ணி வேணாம்."

"இன்னாக்கா, உப்பு வந்துட்ச்சா?"

"உப்பு இல்ல. இதுல மலம் கலந்திருக்கு. எங்க கக்கூஸ் பைப்ப அந்தப் பழைய கெணத்துலதான் வுட்ருக்கோம். பாப்பாவுக்கு வந்தது இதுனாலதான் இருக்கும்."

பூங்குழலி குடத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து சாயங்காலம் எங்க வூட்டுக்கு வந்தியே. அடுப்பாண்ட நின்னு பாப்பா எப்டின்னு கேட்ட. நான் அப்போ பால் பவுடர் கலக்கிக்கினு இருந்தேன். லேசா சூடு காட்டி, இந்தத் தண்ணிலதான். நீ பாத்துக்கினுதான இருந்த?"

கவிப்ரியா பார்த்திருந்தாள்.

"இப்ப இன்னா ஆவும்? சொல்லு, நீதான் படிச்சவளாச்சே. இன்னா ஆவும்?"

உள்ளே போன கிருமி தன்னைக் காட்ட ஒரு நாள் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம். யார் எது கேட்டாலும் அலுக்காமல் விளக்குகிறவள் அவள். இப்போது விளக்காமல் செல்போனை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய்டலாம். நான் ஆட்டோ கூப்புடறேன்."

"கூப்புடு," என்றாள் பூங்குழலி. "நீ வராத."