வட்டத்துக்குள் இரண்டு கோடுகள்

அறிவுச்செல்வன் அடி அண்ணாமலைக்கு விடுப்பில் வந்தும் சும்மா இருக்கவில்லை. வீட்டுச் சுவர் முழுக்க ஐம்பத்தெட்டுத் தாள்களை ஒட்டிவைத்தான். அணுத்துகள்களை மோதவிடும் வெளிநாட்டு மோதுமுடுக்கி ஒன்றில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் முட்டி மறைந்து, அங்கே ஒரு புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் பிறந்த தருணங்களின் படங்கள் அவை. கோடிக்கணக்கான மோதல்களில் தேறியது அவ்வளவுதான். தாளுக்குத் தாள் ஒரு வட்டம், நடுவிலிருந்து எதிரெதிராக ஓடும் இரண்டு கோடுகள். எந்தக் கோணத்தில் எத்தனை பறந்தன என்று எண்ணினால், புரோட்டானுக்குள் மின்னூட்டமும் காந்தமும் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று கணக்கிடலாம். கணினி பொறுக்கியதைக் கண்ணாலும் பார்த்துப் பென்சிலால் குறித்த எட்டு மாத உழைப்பு. அது போனால் அவன் முனைவர் பட்டமும் போச்சு.

தருமன் அவனுடைய பெரியப்பா மகன். இரு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் முறை, கிழக்கே ஒரு வாய்க்கால், மேற்கே ஒரு வாய்க்கால். 2003 கோடையில் கிணறு வற்றித் தரைதட்டி, தருமனின் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, கருகிக்கொண்டிருந்தது. கடப்பாறையோடு கொல்லைக்குப் போனவன் வழியில் உள்ளே எட்டிப்பார்த்தான். சுவரில் வட்டம், இரண்டு கோடு, பக்கத்தில் எண்கள்.

"கெணத்த இத்தினி விதமா கோடு போட்டுப் பாத்துக்கினு கீறியே. என் வாய்க்கால எங்கடா திருப்பப் போற?"

அறிவு சிரித்துவிட்டான். படித்த திமிர், வேறென்ன. இது அணுவுக்குள் இருப்பது என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள் கடப்பாறை சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்தது. தருமன் கை நிறையத் தாள்களைப் பிடுங்கிக் கிழித்தான்.

அறிவுக்கு வெறி தலைக்கேறியது. அண்ணன் என்று பார்க்கவில்லை. முடியைப் பிடித்து நிலைப்படியில் மண்டையை மோதினான். ஒரு மோதலே போதும், அவன் நிறுத்தவில்லை. கடப்பாறை கைமாறியது. தருமன் தவழ்ந்து கிரிவலப் பாதைக்கு வந்துவிட்டான், அங்கேயும் விடவில்லை. தருமனின் முழங்கால் நொறுங்கியது. கடப்பாறையின் முனை முகத்தில் பாய்ந்தது. பௌர்ணமிக் கூட்டம் அரோகராவை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றது. சூடம் விற்கும் காசியம்மாள்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தாள். அந்தக் கையையும் அவன் கடித்தான்.

கிழிந்ததும் கிழியாததுமாக ஐம்பத்தெட்டுத் தாள்களையும் போலீஸ் சாட்சியப் பொருளாக மூட்டை கட்டிக்கொண்டு போனது. மறுநாள் அடையாளம் காட்ட, பெரியாஸ்பத்திரியில் தருமனின் கட்டிலருகே அறிவை நிறுத்தினார்கள். தருமனுக்கு வலக்கண் போய்விட்டிருந்தது. மிஞ்சிய கண்ணால் அறிவைப் பார்த்துக் கேட்டான்.

"அது கெணறே இல்லன்னு சொல்றாங்களே, மெய்தானா?"

"மெய்தாண்ணே."

"அப்ப என் தண்ணிய நீ கேக்கல."

"இல்லண்ணே."

"நான் தெரியாம காகிதத்தத்தான் கிழிச்சேன். நீ தெரிஞ்சி என் கண்ண எதுக்குடா எடுத்த?"