வரி நீங்கும் தேதி

மருத்துவக் காப்பீட்டுக்கு எந்த நாட்டில் எவ்வளவு வரி என்று கேட்டால் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவரைத்தான் கை காட்டுவார்கள். வரிக்காரர் என்றே பெயராகிவிட்டது. ஒரு நாட்டில் வரியே கிடையாது. இன்னொன்றில் முத்திரைக் கட்டணம். வேறொன்றில் வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு மட்டும் தனிக் கட்டணம், ஏதோ அவனுக்குத்தான் காய்ச்சல் அதிகம் வரும் என்பது போல. பதினான்கு நாட்டுப் பட்டியலைப் பதினெட்டு வருடமாகத் திருத்தித் திருத்தி மனிதருக்குச் சலித்துப் போயிருந்தது.

சொந்த அக்காவிடம் வாயைத் திறந்ததுதான் வினை. அதே கம்பெனியில் அக்கா எடுத்த பாலிசிக்குப் பணம் கட்ட இருபதாம் தேதி கெடு. அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து இங்கே காப்பீட்டுக்கு வரியே இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது.

"பத்து நாள் பொறுக்கா. வரி முழுக்க மிச்சம். கெடு தாண்டினாலும் ஒரு மாசம் டைம் இருக்கு."

"வயிறு அப்பப்போ சுருக்குனு குத்துதுடா. இப்பவே கட்டிடட்டுமா?"

"பத்து நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

கெடு தாண்டிய அந்த ஒரு மாதத்தில் பாலிசி சாகாதுதான். ஆனால் பணம் கட்டும்வரை வருகிற நோய்க்குக் கம்பெனி சல்லிக்காசு தராது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவரே அவர்தான். அன்றைக்குப் பாழாய்ப்போன புத்தி வரியைத் தாண்டி நகரவில்லை.

இருபத்தேழாம் தேதி அக்காவுக்குப் பித்தப்பையில் அவசர ஆபரேஷன். மறுநாள் க்ளெய்ம் பிரிவு அம்மாள் அவர் மேஜைக்கே வந்தாள்.

"உங்க அக்கா கேஸ் நிக்காது சார். உங்களுக்குத் தெரியாததா?"

பட்டியலை மூடி வைத்தார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அவர்கள் வீடு கட்டச் சேர்த்த பணம் மொத்தமும் இனி ஆஸ்பத்திரிக்கு. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்க்கா. மாமா வரட்டும், நானே சொல்லிடறேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"காலையிலேயே கவுன்டர்ல காப்பீடு கிடைக்காதுன்னு மாமாகிட்ட சொல்லிட்டாங்கடா. நான்தான் கட்ட மறந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அவரும் திட்டி முடிச்சுட்டார். நீ வேற புதுசா ஆரம்பிக்காதே."