தூதனும் ஒன்பதாவது கேள்வியும்

1986 மார்ச், சனிக்கிழமை காலை. தோர்ண்டன் ஹீத் தேவாலய மண்டபத்தில் ஒத்திகைக்கு வந்தவர்களைச் சபாரத்தினம் வழக்கம்போல் கொப்பியில் பதிந்தார். நெறியாளர் கிறிஸ்துநாயகம், மேடை விளிம்பில். பாட்டுக்குழுப் பெண்கள் ஐவர், சோக்கால் கீறிய வட்டத்துக்கு இடப்பக்க வாங்கில். பஸ்தியாம்பிள்ளை, கதவுக்கு முதுகு காட்டித் தனிக் கதிரையில். தாம், எதிரே சிறு மேசையில். மெற்றில்டா: வரவில்லை, வேலை ஷிப்ட்.

கொப்பிக்கடியில் முத்திரை ஒட்டிய வெற்று உறை கிடந்தது. அதற்குள் வைக்கவேண்டிய வாக்குமூலம் திங்கள் காலை சட்டத்தரணியிடம் சேராவிட்டால் பஸ்தியாம்பிள்ளையின் அகதி அப்பீல் அவ்வளவுதான். ஆளைச் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்றைய கடைசித் தபாலுக்குத் தெருமுனைப் பெட்டியைப் பன்னிரண்டுக்குத் திறப்பார்கள்.

அந்த வாக்குமூலத்துக்காகப் பதினான்கு கேள்விகளை இலக்கமிட்டு எழுதிக்கொண்டு சபாரத்தினம் மூன்று மாலைகள் பக்கத்து நோர்பரிக்குப் போயிருந்தார். பஸ்தியாம்பிள்ளை அங்கே மாமி மெற்றில்டா வீட்டில்தான் இருந்தான். எட்டுக் கேள்விக்குப் பதில் வந்தது. "வள்ளத்தில் எத்தனை பேர்?" என்ற ஒன்பதாவதில் வாயடைத்துப் போனான். முதல் விசாரணையில் ஒருமுறை மூன்று, ஒருமுறை நாலு என்றதைக் காட்டித்தான் அவன் கோரிக்கையை நிராகரித்திருந்தார்கள். மெற்றில்டா அவன் பக்கத்திலேயே இருந்து, "சொல்லு மோனை, அண்ணையிட்டை என்ன வெக்கம்?" என்று தேத்தண்ணி ஊற்றினாள்.

"அண்ணை, இடாப்பு மார்க் பண்ணி முடிஞ்சுதோ? கிரேக்கர் காத்துக்கொண்டு நிக்கினம்," என்றார் கிறிஸ்துநாயகம்.

கிரேக்கரிடம் நாடகம் பிறந்த கதையைச் சபாரத்தினமே பங்குத் திருநாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் தியோனிசஸ் தெய்வத்துக்குக் கூட்டமாகப் பாடுவார்கள். பிறகு ஒருவன் கூட்டத்தை விட்டு வெளியே வந்து, பாடுகிறவர்களுக்குப் பதில் சொல்வான். அவனே முதல் நடிகன். இரண்டாமவனும் மூன்றாமவனும் பின்னால் சேர்ந்தவர்கள். சாவை மேடையில் காட்டுவதில்லை. தூதன் வந்து சொல்லுவான். அந்தத் தூதன் பஸ்தியாம்பிள்ளை.

பழைய படுக்கை விரிப்பை மாப்பசையில் தோய்த்துச் செய்த முகமூடியை அவன் மாட்டிக்கொண்டான். அதன் கண்துளைகளில் நேரே இருப்பது மட்டுமே தெரியும்.

பதினொன்று ஐந்துக்குக் கதவு திறந்தது. மெற்றில்டா. வேலைச் சட்டையோடே வந்து, ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாட எழுந்து நின்ற குழு வரிசையின் கடைசியில் நின்றாள். பஸ்தியாம்பிள்ளை திரும்பவில்லை. சபாரத்தினம் "வரவில்லை" என்பதை வெட்டி நேரத்தை எழுதினார்.

"தூதனே, கப்பலில் எத்தனை பேர்?" என்று குழு பாடியது.

தூதன் மூன்று வரி ஒழுங்காகச் சொன்னான். நாலாவது வரி சபாரத்தினம் எழுதியதல்ல.

"நாலு பேர். வள்ளத்திலை. நேவிக்காரங்கள் வெளிச்சம் அடிச்சுச் சுட்டாங்கள். பெனடிக்ற்றுக்கு வயித்திலை. என்ரை சேட்டாலை கட்டினன், ரத்தம் நிக்கேல்லை. விடியப்புறம் அவனைக் கடலிலை இறக்கினன்."

சபாரத்தினத்தின் பேனை ஓடிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. பெனடிக்ற் மெற்றில்டாவின் மகன். கடலுக்கு அக்கரையில், மண்டபம் அகதி முகாமில் இருக்கிறான் என்றுதான் அவள் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாள். மூன்று மாலையும் அந்தத் தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டல்லவா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்.

"டேய், இது ஸ்கிரிப்டிலை..." என்று கிறிஸ்துநாயகம் தொடங்கினார்.

வரிசைக் கடைசி முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவன்ரை கழுத்திலை செபமாலை கிடந்ததோ?"

தூதன் குரல் வந்த பக்கம் திரும்பினான். மாப்பசை முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஓம் மாமி. கழட்டேல்லை."

குழுவில் யாரோ விம்மினார்கள். மெற்றில்டா முகமூடியைக் கழற்றாமலே மேசைக்கு வந்தாள்.

"எழுதினியளோ அண்ணை?"

"எழுதினன் பிள்ளை. பேர் மட்டும்... நீ சொல்லாமல் போடமாட்டன்."

"போடுங்கோ. பெனடிக்ற் எண்டு போடுங்கோ. நாலு பேர்."

பதினொன்று நாற்பது. சபாரத்தினம் மிச்சக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்க, பஸ்தியாம்பிள்ளை முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னான். இம்முறை மெற்றில்டா எதிர்ச் சுவரோரம் போய் இருந்தாள். அவன் கையெழுத்து வைத்தான். சாட்சிக்கு அவள் வைத்தாள்.

எழுதிய தாள்களை உறையிலிட்டு, நாக்கால் நனைத்து ஒட்டிக்கொண்டு சபாரத்தினம் தெருவுக்கு ஓடினார். தபாற்காரன் பெட்டியைப் பூட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையிலேயே கொடுத்தார்.